மலை ஏறும்போது டர்போவை ஆளும் சின்ன வால்வு

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் போய்ச் சேர்வதற்குள் தலையணைபோல் உப்பி நிற்பதை இந்தப் பாதையில் வந்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். பாக்கெட்டுக்குள் காற்று கூடுவதில்லை. வெளியே நின்று அதை அமுக்கிக்கொண்டிருந்த காற்றின் பலம் குறைகிறது, அவ்வளவுதான். டீசல் இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவைக் கட்டுப்படுத்தும் வேக்கம் சொலினாய்டு வால்வைப் புரிந்துகொள்ள, அந்தப் பாக்கெட்டிலிருந்து தொடங்குவதே எனக்கு எளிதாகப் படுகிறது.

நான் குன்னூர்ப் பக்கம் இருப்பவன். பழைய டீசல் கார் ஒன்று வைத்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் அது திடீரென்று வினோதமாக நடந்துகொள்ள ஆரம்பித்தது. கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை அருமையாக ஓடும். கல்லாறு தாண்டி மலை ஏறும். பர்லியாறு வரைகூடக் குறை சொல்ல முடியாது. அதற்கு மேல், குன்னூர் நெருங்க நெருங்க, இழுவை போய்விடும். ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தாலும் இன்ஜின் முனகும், வண்டி நகராது. டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரியும். ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்தால் இரண்டு வளைவு வரை ஒழுங்காக வரும். அப்புறம் பழையபடி படுத்துக்கொள்ளும்.

கீழே ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டினேன். சமவெளியில் ஓட்டிப் பார்த்தார்கள்; ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் டர்போ போய்விட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை என்னால் உடனே புரட்ட முடியாதது. வீட்டுக்கு வந்துவிட்டேன். பிறகு கோத்தகிரியில் மெக்கானிக் அண்ணன் ஒருவர் பானெட்டைத் திறந்து, பென்சிலைவிட மெல்லிய ரப்பர் ஹோஸ் ஒன்றை விரலால் வளைத்துக் காட்டினார். வளைந்த இடத்தில் அரிசி மணி நீளத்துக்கு ஒரு வெடிப்பு. “டர்போ நல்லாத்தான் இருக்கு தம்பி. அதுக்குச் சேதி போற வழிதான் ஓட்டை” என்றார். ஒரு முழம் ஹோஸ் மாற்றியதும் கார் பழையபடி மலை ஏறியது.

பிரச்சினை தீர்ந்தாலும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. அந்த வெடிப்பு மேட்டுப்பாளையத்திலும் இருந்தது, குன்னூரிலும் இருந்தது. கீழே ஒழுங்காக ஓடிய வண்டி மேலே மட்டும் ஏன் படுத்தது? அதற்கு விடை தேடியதில்தான் இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன்.

முதலில் வேக்கம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். வெற்றிடம் எதையோ இழுக்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சும்போது நம் வாய் இளநீரை இழுப்பதாகத் தோன்றுகிறது. உண்மையில் வாய் செய்வது ஸ்ட்ராவுக்குள் இருக்கும் காற்றை எடுப்பது மட்டும்தான். வெளியே இருக்கும் காற்று இளநீரின் மேல் அமுக்குகிறது; உள்ளே எதிர்த்து அமுக்க ஆள் இல்லை; அதனால் இளநீர் மேலே ஏறுகிறது. வேலை முழுவதையும் செய்வது வெளிக்காற்று. ஆகவே வேக்கத்தின் பலம் என்பது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ளே மிச்சம் இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். வெளிக்காற்று எவ்வளவு அமுக்குகிறதோ, அதைத் தாண்டி ஒரு துளிகூட வேக்கம் கிடைக்காது.

அந்த வெளிக்காற்று எவ்வளவு அமுக்குகிறது? பாதரசக் கணக்கில் கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரம், அங்கே ஏறக்குறைய 730. குன்னூர் 1,850 மீட்டர், ஏறக்குறைய 605. ஊட்டி 2,240 மீட்டர், ஏறக்குறைய 580. கடற்கரையில் இருக்கும் காற்றின் அழுத்தத்தில் நான்கில் ஒரு பங்கு ஊட்டியில் இல்லை. சோறு வேக நேரமாவதும், டீத்தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுவதும் இதனால்தான்.

உயரம் போகப் போகக் காற்றின் அமுக்கம் குறையும் என்பதை முதலில் அளந்து பார்த்ததும் ஒரு மலையில்தான். பிரான்ஸில் விஞ்ஞானி பாஸ்கல் தன் அக்காள் கணவரான பெரியேவிடம் கேட்டுக்கொள்ள, அவர் 1648 செப்டம்பர் 19 அன்று பாதரசக் குழாயைத் தூக்கிக்கொண்டு புய் தெ தோம் என்ற மலையில் ஏறினார். உச்சியில் பாதரசம் இறங்கியிருந்தது. அந்த மலையின் உயரம் 1,465 மீட்டர். நம் குன்னூர் அதைவிட உயரம். அவர் குழாயைச் சுமந்து ஏறிப் பார்த்ததை நாம் ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் உட்கார்ந்து காது அடைப்பதில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்து டர்போ. இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். டீசல் எரிய காற்று வேண்டும். எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அவ்வளவு டீசலைத்தான் ஒழுங்காக எரிக்க முடியும். மீறி ஊற்றினால் கரும்புகைதான் வரும். சைலன்சர் வழியாக வீணாக வெளியேறும் சூடான புகையை ஒரு சின்னச் சக்கரத்தின் மேல் பாய்ச்சி அதைச் சுழல வைத்து, அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் வெளிக்காற்றை நெருக்கி இன்ஜினுக்குள் திணிப்பதுதான் டர்போ. ஆல்ஃபிரட் ப்யூஹி என்ற சுவிட்சர்லாந்து இன்ஜினியர் 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அந்த அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். இப்படித் திணித்த காற்றின் கூடுதல் அழுத்தத்தைத்தான் பூஸ்ட் என்கிறார்கள்.

புதிதாகப் படிப்பவர்கள் இங்கே குழம்புவது இயல்பு. ஒரே இன்ஜினில் இரண்டு வகைக் காற்று ஓடுகிறது. தடித்த குழாய்களில் ஓடுவது டர்போ நெருக்கிய காற்று, வெளிக்காற்றைவிட அழுத்தம் கூடியது. மெல்லிய ஹோஸ்களில் இருப்பது வேக்கம், வெளிக்காற்றைவிட அழுத்தம் குறைந்தது. முதலாவது இன்ஜினுக்குச் சாப்பாடு. இரண்டாவது டர்போவுக்குக் கட்டளை.

கட்டளை எதற்கு? டர்போவை அதன் போக்கில் விட்டால் ஆபத்து. இன்ஜின் வேகமாக ஓடினால் புகை கூடும், புகை கூடினால் டர்போ இன்னும் வேகமாகச் சுழலும், இன்னும் காற்று உள்ளே போகும், இன்னும் புகை வரும். எங்காவது நிறுத்தவில்லை என்றால் டர்போ சிதறும் அல்லது இன்ஜின் தாங்காது. இதற்கு இரண்டு வழி உண்டு. பழைய வழி, புகையில் ஒரு பகுதியை டர்போ சக்கரத்தைத் தொடாமலே வெளியே விடும் சின்னக் கதவு. வேஸ்ட்கேட் என்று பெயர். அடுத்த வழி, சக்கரத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன இறகுகளை வளையமாக வைத்து, அவற்றைத் திருப்பி, புகை பாயும் இடைவெளியை அகலமாக்குவது அல்லது குறுக்குவது. இதை விஜிடி என்பார்கள். கேரட் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது ஹோஸ் முனையைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் சீறிக்கொண்டு தூரமாகப் போகிறதல்லவா, அதேதான். இறகுகள் நெருங்கினால் கொஞ்சம் புகைகூடச் சீறிப் பாய்ந்து சக்கரத்தை வேகமாகச் சுழற்றும். இறகுகள் விரிந்தால் எவ்வளவு புகை வந்தாலும் சக்கரம் நிதானமாகச் சுழலும். இந்தியாவில் பலரும் ஓட்டிய 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் சாதாரண டர்போவோடு ஸ்விஃப்டில் 75 குதிரைத்திறன் தந்தது. விஜிடி டர்போவோடு எர்டிகாவில் 90 தந்தது.

அந்த இறகுகளைத் திருப்ப ஒரு கை வேண்டும். அந்தக் கைதான் ஆக்சுவேட்டர். டர்போவின் பக்கத்தில், சின்ன டப்பிபோல வட்டமாக, ஒரு மெல்லிய கம்பி நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டப்பிக்குள் ரப்பர் சவ்வு, அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங். சவ்வின் ஒரு பக்கம் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும். மறுபக்கத்தில் இருக்கும் காற்றை எடுத்துவிட்டால் வெளிக்காற்று சவ்வை அமுக்கும், ஸ்பிரிங் சுருங்கும், கம்பி உள்ளே போகும், இறகுகள் நெருங்கும், பூஸ்ட் ஏறும். வேக்கத்தை விட்டுவிட்டால் ஸ்பிரிங் கம்பியைப் பழைய இடத்துக்கே தள்ளும், இறகுகள் விரியும், பூஸ்ட் இறங்கும். பெரும்பாலான வேக்கம் வகை விஜிடி டர்போக்களில் ஏற்பாடு இதுதான்: வேக்கம் இல்லையென்றால் பூஸ்ட் இல்லை. இது நல்ல யோசனை. ஹோஸ் கழன்று விழுந்தால்கூட வண்டி இழுவை இழக்குமே தவிர இன்ஜின் வெடிக்காது.

இன்ஜின் ஓடும்போதே கிடைக்கும் பூஸ்ட் காற்றை வைத்தே இந்தக் கம்பியைத் தள்ளிவிடலாமே, வேக்கம் என்ற தனி ஏற்பாடு எதற்கு என்று நானும் கேட்டேன். பூஸ்ட் காற்று கம்பியைத் தள்ள வேண்டுமென்றால் முதலில் பூஸ்ட் இருக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவிலிருந்து வெளியே வரும்போது இன்ஜின் சோர்ந்திருக்கிறது, பூஸ்ட் இல்லை. அப்போதுதான் இறகுகள் நெருங்கியாக வேண்டும். வேக்கமோ இன்ஜின் ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போதே தயாராக இருக்கும். பெட்ரோல் இன்ஜினில் காற்று போகும் வழியை ஒரு தட்டு மறித்து நிற்பதால் ஐடிலில் தானாகவே வேக்கம் உண்டாகிவிடும். டீசலில் அந்த வழி பொதுவாகத் திறந்தே கிடக்கும், வேக்கம் உண்டாகாது. அதனால் டீசல் வண்டிகளில் வேக்கத்துக்கென்றே ஒரு பம்ப் வைத்திருப்பார்கள். கேம்ஷாஃப்ட் முனையிலோ ஆல்டர்னேட்டரின் முதுகிலோ இருக்கும்.

சரி, இப்போது முக்கியமான ஆளுக்கு வருவோம். ஒரு பக்கம் பம்ப், எப்போதும் முழு வேக்கம் தந்துகொண்டிருக்கிறது. மறுபக்கம் ஆக்சுவேட்டர், அதற்கு ஒரு நேரம் முழுதும் வேண்டும், ஒரு நேரம் பாதி வேண்டும், ஒரு நேரம் கொஞ்சம்தான் வேண்டும். நடுவில் நின்று அளந்து கொடுப்பதுதான் வேக்கம் சொலினாய்டு வால்வு. உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் பொருள். ஒரு மின் இணைப்பு, மூன்று வாய். ஒரு வாய் பம்பிலிருந்து வருகிறது. ஒரு வாய் ஆக்சுவேட்டருக்குப் போகிறது. மூன்றாவது வாய் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும். தூசி போகாமல் இருக்க அதன் மேல் சின்னப் பஞ்சு ஃபில்டர் இருக்கும், அல்லது ஒரு ஹோஸ் வழியாக ஏர் ஃபில்டர் டப்பாவோடு சேர்த்திருப்பார்கள். உள்ளே கம்பிச் சுருளான ஒரு காயில், ஒரு இரும்புத் தண்டு. காயிலில் மின்சாரம் பாய்ந்தால் தண்டு நகர்ந்து பம்பின் வேக்கத்தை ஆக்சுவேட்டருக்குத் திறந்துவிடும். மின்சாரம் நின்றால் தண்டு திரும்பி வந்து வெளிக்காற்றைத் திறந்துவிடும்.

இரண்டே நிலைகள்தான். அப்படியானால் பாதி வேக்கம், கால் வேக்கம் எங்கிருந்து வருகிறது?

ஊட்டியில் குளிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைப்பது எளிது. அடுப்பில் கொதிக்கிற வெந்நீர் ஒன்று, தொட்டால் கை விறைக்கும் பச்சைத் தண்ணீர் ஒன்று. இரண்டையும் வாளியில் விளாவித்தான் நமக்கு வேண்டிய பதத்துக்குக் கொண்டுவருகிறோம். வெந்நீர் இரண்டு செம்பு, பச்சைத் தண்ணீர் ஒரு செம்பு என்றால் ஒரு சூடு. மாற்றி ஊற்றினால் வேறு சூடு. சொலினாய்டு செய்வது இதே விளாவுதல்தான். பம்பின் வேக்கத்தை ஒரு துளி, வெளிக்காற்றை ஒரு துளி என்று மாற்றி மாற்றி, வினாடிக்குப் பல பத்து முறை, சில வண்டிகளில் நூற்றுக்கணக்கான முறை திறந்து மூடுகிறது. ஆக்சுவேட்டரின் சவ்வால் அவ்வளவு வேகமாக ஆட முடியாது. அது சராசரியை மட்டும் உணர்ந்து ஒரே இடத்தில் நிற்கும். நூறு பங்கு நேரத்தில் எண்பது பங்கு மின்சாரம் இருந்தால் நிறைய வேக்கம். முப்பது பங்கு என்றால் கொஞ்சம். இன்ஜின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிப் பார்க்கும்போது டூட்டி சைக்கிள் என்று ஒரு சதவீதம் ஓடுகிறதே, அது இந்த விளாவும் விகிதம்தான்.

எவ்வளவு விளாவ வேண்டும் என்று முடிவு செய்வது ஈசியூ, அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர். நாம் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம், இன்ஜின் எத்தனை சுற்றில் ஓடுகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் என்ன என்பதையெல்லாம் பார்த்து, இப்போது இவ்வளவு பூஸ்ட் வேண்டும் என்று ஓர் எண்ணை வைத்துக்கொள்ளும். இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை ஒரு சென்சார் அளந்து சொல்லிக்கொண்டே இருக்கும். கேட்டதைவிடக் கிடைத்தது குறைவு என்றால் சதவீதத்தைக் கூட்டும். அதிகம் என்றால் குறைக்கும். குளிக்கும் முன் வாளியில் கை விட்டுப் பார்த்து இன்னும் அரைச் செம்பு வெந்நீர் ஊற்றுகிறோமே, அதே புத்திதான்.

கல்லாறிலிருந்து குன்னூர் வரை இருக்கும் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்வோம். வளைவு நெருங்குகிறது, எதிரே பஸ் இறங்குகிறது. காலை எடுத்து, பிரேக் பிடித்து, இரண்டாம் கியருக்கோ முதல் கியருக்கோ வருகிறோம். இன்ஜின் சுற்று விழுகிறது, புகை குறைகிறது, டர்போ சோர்கிறது. பஸ் போனதும் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஆக்சிலேட்டரை மிதிக்கிறோம். ஈசியூ உடனே சொலினாய்டின் சதவீதத்தை ஏற்றுகிறது. வேக்கம் ஆக்சுவேட்டருக்குள் பாய்கிறது, கம்பி உள்ளே போகிறது, இறகுகள் நெருங்குகின்றன, இருக்கிற கொஞ்சப் புகை சீறிப் பாய்ந்து சக்கரத்தை உசுப்புகிறது. ஒரு கணம் தயங்கிய வண்டி முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளியதுபோல் கிளம்புகிறது. பூஸ்ட் கேட்ட அளவை நெருங்கியதும் சொலினாய்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளிக்காற்றை விளாவுகிறது, இறகுகள் விரிகின்றன, டர்போ எல்லை மீறாமல் நிற்கிறது. அடுத்த வளைவு வந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஒரு ஏற்றத்தில் இந்தக் கம்பி எத்தனை தடவை உள்ளே போய் வெளியே வருகிறது என்று நினைத்துப் பார்த்தால் அந்தச் சின்னச் சவ்வின் மேல் எனக்கு மரியாதை வருகிறது.

பெட்ரோல் டர்போ கார்களில் இதற்கு நேர்மாறான ஏற்பாடும் உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் கை வைத்தால் தவறிவிடும். பல பெட்ரோல் கார்களில் பூஸ்ட் காற்றே ஒரு ஹோஸ் வழியாக ஆக்சுவேட்டருக்குப் போய், சவ்வைத் தள்ளி, வேஸ்ட்கேட் கதவைத் திறக்கும். அங்கே சொலினாய்டின் வேலை அந்தக் காற்றில் கொஞ்சத்தைத் திருப்பி விட்டு, கதவு திறப்பதைத் தாமதப்படுத்துவது. இந்த வகையில் ஆக்சுவேட்டர் ஹோஸ் கிழிந்தால் கதவைத் தள்ள ஆளில்லை. கதவு மூடியே கிடக்கும். பூஸ்ட் எல்லை மீறும். டீசலில் கிழிந்த ஹோஸால் இழுவை போகிறது. இங்கே கிழிந்த ஹோஸால் இழுவை தறிகெட்டு ஏறுகிறது. ஆகவே உங்கள் வண்டியின் ஆக்சுவேட்டர் வேக்கத்தில் வேலை செய்வதா, அழுத்தத்தில் வேலை செய்வதா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புதிய கார்கள் பலவற்றில் இரண்டும் இல்லை. சின்ன மின் மோட்டார் ஒன்று நேராகக் கம்பியை நகர்த்திவிடுகிறது. அவற்றுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது.

இப்போது என் காருக்குத் திரும்புகிறேன். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று சில எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். நல்ல பம்ப், ஓட்டையில்லாத ஹோஸ் என்றால் உள்ளே இருக்கும் காற்றில் பத்தில் ஒன்பது பங்கை எடுத்துவிடும் என்று வைப்போம். ஓட்டை இருந்தால் பம்ப் எடுக்க எடுக்க வெளியிலிருந்து காற்று கசிந்துகொண்டே இருக்கும். பத்தில் ஏழு பங்கைத்தான் எடுக்க முடிகிறது என்போம். ஆக்சுவேட்டர் கம்பி முழுக்க உள்ளே போக 450 மில்லிமீட்டர் வேக்கம் வேண்டும் என்போம்.

ஓட்டை இல்லாதபோது: மேட்டுப்பாளையத்தில் 730இல் ஒன்பது பங்கு, 657 கிடைக்கும். ஊட்டியில் 580இல் ஒன்பது பங்கு, 522. இரண்டும் 450க்கு மேல். கம்பி முழுக்கப் போகும், வண்டி ஏறும். ஓட்டை விழுந்த பிறகு: மேட்டுப்பாளையத்தில் 730இல் ஏழு பங்கு, 511. இப்போதும் போதும், கீழே இருப்பவர் குறை கண்டுபிடிக்க வழியே இல்லை. குன்னூரில் 605இல் ஏழு பங்கு, 424தான். ஊட்டியில் 406. கம்பி முழுக்கப் போகாது, இறகுகள் முழுக்க நெருங்காது. இந்தக் கணக்கில் 450க்குக் கீழே விழும் இடம் சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் வருகிறது. அது பர்லியாறுக்கும் குன்னூருக்கும் நடுவே! இதைத் தாளில் போட்டுப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எண்கள் நான் வைத்துக்கொண்டவைதான், ஆனால் வண்டி ஏன் அந்த இடத்தில் படுத்தது என்பது விளங்கிவிட்டது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. வேக்கம் குறையும் அதே மலையில்தான் டர்போ கூடுதலாக உழைக்க வேண்டும். இன்ஜினுக்குள் 1,500 மில்லிமீட்டர் அழுத்தம் வேண்டும் என்றால் மேட்டுப்பாளையத்தில் வெளிக்காற்றை இரண்டு மடங்குக்குச் சற்று மேல் நெருக்கினால் போதும். ஊட்டியில் 2.6 மடங்கு நெருக்க வேண்டும். அதற்கு இறகுகள் இன்னும் நெருங்க வேண்டும், டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். டர்போ எல்லை மீறிச் சுழலாமல் இருக்க, உயரம் போகப் போக ஈசியூ தான் கேட்கும் அளவையே குறைத்துக்கொள்ளும். ஆகவே நல்ல வண்டிகூட தொட்டபெட்டா சாலையில் கோயம்புத்தூரில் இழுப்பதுபோல் இழுக்காது, அது நோய் இல்லை. ஆனால் அந்தக் குறைத்த அளவுகூடச் சில வினாடிகள் தொடர்ந்து கிடைக்கவில்லை என்றால் ஈசியூ எதையோ சந்தேகித்து விளக்கை எரியவிட்டு, இன்ஜினைக் காப்பாற்ற டீசலைக் குறைத்துவிடும். லிம்ப் மோடு என்பது இதுதான். சாவியை அணைத்துப் போட்டால் சந்தேகத்தை மறந்து மறுபடி முதலிலிருந்து பார்க்கும். இரண்டு வளைவுக்கு வண்டி நன்றாக வந்ததன் காரணம் அது.

சோதனை செய்பவர்களுக்கும் இந்த உயரக் கணக்கு முக்கியம். வேக்கம் மீட்டரை மாட்டி, புத்தகத்தில் 650 என்று போட்டிருக்கிறது, இங்கே 520தான் காட்டுகிறது, பம்ப் போச்சு என்று சொன்னால் ஊட்டியில் அது தவறு. மொத்தக் காற்றே 580தான் இருக்கும் இடத்தில் உலகத்தின் எந்தப் பம்பும் 650 தராது. அங்குலக் கணக்கு மீட்டரில் கடல் மட்டத்தில் ஏறக்குறைய 30 இருப்பது ஊட்டியில் 23க்குள் அடங்கிவிடும். நல்ல பம்பைக் கழற்றிப் போடாமல் இருக்க இந்த ஓர் எண்ணைச் சுவரில் எழுதி வைத்தால் போதும்.

எந்தக் குறை எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேக்கம் ஹோஸ் வெடித்தால், கழன்றால், எலி கடித்தால் பூஸ்ட் குறையும். ஸ்கேனரில் பெரும்பாலும் பி 0299 என்ற குறைக் குறியீடு வரும். குளிர்காலத்தில் இரவு நிறுத்திய வண்டியின் சூட்டைத் தேடி எலி வந்து பானெட்டுக்குள் படுப்பது இங்கே சாதாரணம், ஆகவே இதை முதலில் பாருங்கள். சொலினாய்டின் மூன்றாவது வாயில் இருக்கும் பஞ்சு ஃபில்டர் தூசியால் அடைத்துக்கொண்டால் விஷயம் தலைகீழாகும். வெளிக்காற்று உள்ளே வர வழியில்லை, ஆக்சுவேட்டருக்குள் போன வேக்கம் வெளியேறாது, இறகுகள் நெருங்கியே நிற்கும், பூஸ்ட் மீறும், பி 0234 வரும். பலர் இந்தப் பஞ்சை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. காயில் எரிந்திருந்தால் மல்டிமீட்டர் சொல்லிவிடும். எத்தனை ஓம் இருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், புத்தகத்தில் பாருங்கள். கடைசியாக, எல்லாம் சரியாக இருந்தும் கரி படிந்து இறகுகளே இறுகியிருக்கலாம். அது உண்மையிலேயே டர்போவின் குறை.

மெக்கானிக்கிடம் போகும் முன் நாமே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. பானெட்டைத் திறந்து, ஆக்சுவேட்டர் கம்பி தெரிகிற இடத்தில் நின்றுகொண்டு, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். வேக்கம் வகை விஜிடி டீசல்கள் பலவற்றில் இன்ஜின் பிடித்ததும் கம்பி சட்டென்று உள்ளே போகும். அணைத்ததும் மெல்ல வெளியே வரும். அசையவே இல்லை என்றால் வேக்கம் வரவில்லை அல்லது ஏதோ இறுகியிருக்கிறது. திக்கித் திக்கிப் போனால் கரி. கையை மட்டும் உள்ளே விட வேண்டாம். பெல்ட்டும் ஃபேனும் அங்கேயே இருக்கின்றன, டர்போ நெருப்பாய்ச் சுடும். கோத்தகிரி அண்ணன் இன்னும் ஒரு படி போய், கையால் அடிக்கும் சின்ன வேக்கம் பம்பை நேராக ஆக்சுவேட்டரில் மாட்டி அடித்துப் பார்த்தார். கம்பி வழவழவென்று போய் அங்கேயே நின்றது. சவ்வில் ஓட்டையில்லை, இறகுகள் இறுகவில்லை என்று அந்த அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது. டர்போவை மாற்றச் சொல்லும் யாரிடமும் இந்தச் சோதனையைச் செய்து காட்டும்படி கேட்பது உங்கள் உரிமை.

கடைசியாக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். டர்போவுக்கு வேக்கம் தரும் அதே பம்ப்தான் பெரும்பாலான டீசல் கார்களில் பிரேக்குக்கும் வேக்கம் தருகிறது. நாம் லேசாக மிதித்தாலே பிரேக் நன்றாகப் பிடிப்பது, மிதியின் பின்னால் இருக்கும் பெரிய டப்பா வேக்கத்தின் உதவியோடு நம் காலின் பலத்தைப் பெருக்கித் தருவதால். அதுவும் சவ்வு வைத்த டப்பாதான், அதுவும் வெளிக்காற்றின் பலத்தில்தான் வேலை செய்கிறது. டீசல் மிச்சமாகும் என்று குன்னூரிலிருந்து இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். இன்ஜின் நின்றால் பம்ப் நிற்கும். டப்பாவில் மிச்சம் இருக்கும் வேக்கம் இரண்டு மூன்று மிதிகளில் தீர்ந்துவிடும்; மலைமேல் அந்த மிச்சமும் கீழே இருப்பதைவிடக் குறைவு. அதன் பிறகு மிதி கல்போல் இறுகிவிடும். கியரில் போட்டு, இன்ஜின் ஓட, ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

மலை இறங்கும் முன் நான் இப்போது செய்வது இது. இன்ஜினை அணைத்த நிலையில் பிரேக்கை நான்கைந்து முறை மிதித்து, மிதி இறுகியதும் காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்வேன். இன்ஜின் பிடித்ததும் மிதி காலுக்குக் கீழே ஒரு விரல்கடை தானாக இறங்கும். வேக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகுதான் ஹேண்ட் பிரேக்கை எடுப்பேன்.